பென்சிலில் ஒரு ‘ள’

தென்றலுக்குத் திமிர் அதிகம் என்று எங்கள் கல்லூரியில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொன்னவள்தான். இப்போதும் அதை மறுக்கப் போவதில்லை. திமிர்தான். அந்தத் திமிர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், ஒரு நான்கரை வயதுக் குழந்தைக்கு நான் எழுதிவைத்த நோய் இன்றைக்கும் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இந்தக் கதையில் என்னைப் பற்றி நல்லதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் பெயர் ஷீபா. ஊர் தூத்துக்குடிப் பக்கம். நானும் தென்றலும் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு கல்லூரியில் செவித்திறன், பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்பு படித்தோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். காது கேட்காதவர்களுக்கும், பேச்சு வராதவர்களுக்கும், திக்குபவர்களுக்கும் வைத்தியம் செய்யும் படிப்பு. மூன்று வருடம் வகுப்பும் கிளினிக்கும், நான்காவது வருடம் பயிற்சி. டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று என் சித்தப்பா சொல்வார். அவருக்கு இரண்டு காதிலும் மெஷின் வைத்துவிட்டது பிற்பாடு நான்தான்.

முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லச் சொன்னார்கள். ஒல்லியாக, தலை நிறைய எண்ணெயோடு ஒருத்தி எழுந்தாள்.

“என் பேரு தென்றலு. ஒரகடம்.”

வகுப்பு சிரித்தது. துறைத் தலைவர் மஞ்சுளா மேடம் சிரிக்கவில்லை. அவர் மதுரைக்காரர், கண்டிப்பானவர். “தென்றல்னு சொல்லும்மா. கடைசியில ‘லு’ கிடையாது. பேச்சுச் சிகிச்சை படிக்க வந்திருக்க, உன் பேரையே தப்பா சொன்னா எப்படி?” என்றார்.

“எங்க வூட்ல அப்டித்தான் மேடம் கூப்புடுவாங்க. பேரு வெச்சதே அவுங்கதான.”

அன்றைக்கே திமிர் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நான் பேசினாலும் சிரிப்பார்கள் என்று பயந்து, பேருந்தில் வரும்போதே செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசிப் பழகிக்கொண்டு வந்தவள் நான். அவள் பழகவில்லை. கோபம் எனக்கு அதில்தான்.

தென்றலின் அப்பா அய்யாத்துரை, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறவர். அவர் வீட்டில் டிவி பார்த்தால் தெருமுனை வரை கதை தெரியும். தென்றல் ப்ளஸ் டூ படிக்கும்போது கம்பெனிக்கு ஒரு வேன் வந்து எல்லோருக்கும் காது டெஸ்ட் எடுத்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாராம்: “அந்தம்மா பட்டன அமுக்கறப்ப தோள் லேசா அசையுது. அது அசையறப்பல்லாம் நான் கைய தூக்கிட்டேன். ஃபுல் பாஸு!”

தென்றல் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் அந்தப் பாஸால்தான் அவள் இந்தப் படிப்புக்கு வந்தாள். டெஸ்ட்டில் தேறுவதற்கும் காது கேட்பதற்கும் சம்பந்தமில்லை என்று பதினேழு வயதிலேயே அவளுக்குத் தெரிந்துபோனது. எங்களுக்கு அது தெரிய மூன்று வருடமும் ஒரு குழந்தையும் தேவைப்பட்டது.

மூன்றாம் வருடம் எங்களுக்குச் சமூக கிளினிக்கில் வேலை. செவ்வாயும் வெள்ளியும் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்துக் கட்டடத்தில் இரண்டு மேசை போட்டு உட்காருவோம். வெளியே கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாணவிக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு குழந்தை. பிறகு அந்தக் குழந்தை அடுத்த மாணவிக்கு மாறும். கடைசியில் குழந்தையின் அறிக்கையில் மஞ்சுளா மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அது கேஸாகக் கணக்கில் வரும்.

ஜனவரியில் என்னிடம் வந்தது யாழினி. அவள் அப்பா மணிகண்டபிரபு, கார் சீட் தைக்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். அம்மா வினோதினிதான் அழைத்து வந்தாள். எல்கேஜி சேர்க்கப் போன இடத்தில், குழந்தை பேசுவது சரியாகப் புரியவில்லை, ஏப்ரல் முடிவதற்குள் ரிப்போர்ட் வாங்கி வாருங்கள், பார்த்துவிட்டு ஜூனில் சேர்த்துக்கொள்வதா என்று சொல்கிறோம் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

எங்களிடம் ஒரு படப்பெட்டி உண்டு. நாற்பது படம். குழந்தை ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொல்ல வேண்டும். எழுத்து மாறினால் பிழை. கூடவே மதிப்பெண் போடும் முறையைச் சொல்லும் ஒரு புத்தகம், ஜெராக்ஸ் எடுத்துச் சுருள் கம்பி போட்டது. அதில் ‘ழ’ வரும் பக்கத்தின் ஓரத்தில், யாரோ ஒரு பழைய வாத்தியார் பென்சிலில் எழுதியிருந்தார்: ‘ள — சரி.’ அதாவது பழத்தைப் ‘பளம்’ என்று குழந்தை சொன்னால் பிழை போட வேண்டாம். எங்கள் வாத்தியார்களில் முக்கால்வாசிப் பேர் மதுரைக்குத் தெற்கே. எனக்கும் அந்தப் பென்சில் எழுத்து ரொம்ப நியாயமாகத்தான் பட்டது.

“பாப்பா, இது என்ன?”

“வூடு.”

பிழை. உயிரெழுத்து மாறிவிட்டது.

“இது?”

“பயம்.”

பிழை. ‘ழ’வுக்கு ‘ய’. புத்தகத்தில் ‘ள’வுக்குத்தான் மன்னிப்பு, ‘ய’வுக்கு இல்லை.

“இது?”

“தோயி.” கோழியைத்தான் சொல்கிறாள். பிழை.

காக்கா படத்தைக் காட்டினேன். “தாத்தா” என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். வினோதினி சிரித்தாள்.

“அது அவ தாத்தாதான் மேடம். எங்க மாமனாரு போயி ரெண்டு வருசம் ஆவுது. அமாவாசிக்கு சோறு வெப்போம். காக்கா வந்துச்சுன்னா, பாரு, தாத்தா வந்துகீறாருன்னு காட்டுவோம். அதான் அப்டி சொல்லுது.”

நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் வீட்டுப் பெண். எங்களிடம் இந்த வழக்கம் இல்லை. மற்றவர்கள் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று முந்தின வாரம்தான் வகுப்பில் பாடம் நடந்திருந்தது. மதித்தேன். காக்காவுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

நாற்பதில் பதினேழு பிழை. ‘பேச்சுக் குறைபாடு, கடுமை’ என்று எழுதினேன். மேடம் பார்த்துவிட்டு, தாயின் பேச்சைத்தான் குழந்தை பிடிக்கிறது, அதைச் சொல்லிப் புரியவை என்றார். சொன்னது அவர்தான், ஆனால் வினோதினியின் எதிரே உட்கார்ந்து பேசிய வாய் என்னுடையது. “நீங்க பேசுறதுதான் குழந்தைக்குத் தொத்துது. அவ காதுல இந்தப் பேச்சு விழாம பாத்துக்கோங்க” என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

எட்டு வாரம் நானும் யாழினியும் ‘வீடு, வீடு’ என்று படித்தோம். நன்றாகத்தான் தொடங்கினாள். நாள் போகப் போக வாயைத் திறப்பது குறைந்தது. கடைசி இரண்டு வாரம் படத்தை விரலால் தொடுவாள், அவ்வளவுதான். நான் நோட்டில் ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று எழுதி மூடிவிட்டேன். எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

மார்ச்சில் யாழினி தென்றலுக்கு மாறினாள்.

அடுத்த மேசையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்றல் படப்பெட்டியைத் திறக்கவே இல்லை. வினோதினியிடம், “இன்னாக்கா, பாப்பா சாப்டுச்சா?” என்றாள்.

“சாப்பிட்டாள், மேடம்.”

“வூடு எங்கக்கா?”

“எங்கள் வீடு... பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது, மேடம்.”

தென்றல் பேனாவைக் கீழே வைத்தாள். “அக்கா, நானும் ஒரகடந்தான். என்னாண்ட ஏன் டிவி நியூஸ் மாரி பேசற? வூட்லயும் பாப்பாகிட்ட இப்டியேவா பேசற?”

வினோதினி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “வூட்ல பேசறதே இல்லம்மா. என் பேச்சாலதான் கொயந்தைக்கு இப்டி ஆச்சுன்னாங்க. இந்த மாரி பேசி எனக்கு வர்ல. நாக்கு சுளுக்கிக்குது. அதான் வாய மூடிக்கினேன். சோறு வோணும்னா தட்ட காட்டும், நான் போடுவேன். அவ பேரு கூட எனக்கு சரியா சொல்ல வர்லம்மா. யாயினின்னுதான் வருது. ஆசையா வெச்ச பேரு.”

ஒரு தாய் தன் குழந்தையிடம் பேசுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் நிறுத்தியிருந்தேன். நான் ஏதோ காகிதத்தைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் தென்றல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அந்தக்காவ பேசாதன்னு சொன்னது யாரு?”

“நாந்தான்ட்டி. மேடம் சொல்லச் சொன்னாங்க.”

“மேடம் சொன்னா? நீ படிக்கலயா? கொயந்தைக்கு பேச்சு வரணும்னா வூட்ல பேசணும்னு முத வருசமே படிச்சோமா இல்லியா? பேச்சு வைத்தியம் படிச்சுட்டு போயி ஒரு பொம்பள வாய தச்சுட்டு வந்துகீற நீ.”

எனக்கு அழுகை வந்தது. அவள் சமாதானம் செய்யவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது நியாயம்தான்.

அடுத்த வாரம் வினோதினியைப் பேசவிட்டு, குழந்தையை விளையாடவிட்டு, தென்றல் சும்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. யாழினி விரலை நீட்டி, “தாத்தா!” என்றாள். வினோதினி மறுபடி அமாவாசைக் கதையைச் சொன்னாள்.

“எங்க வூட்லயும் காக்கா தாத்தாதான்க்கா” என்றாள் தென்றல். “ஆனா பாப்பா, உன் கால காட்டு. இது இன்னா?”

“தால்.”

“இது?” கையைக் காட்டினாள்.

“தை.”

“பாட்டில்ல இன்னா கீது?”

“தண்ணி தீது.”

தென்றல் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் குழந்தை தாத்தாவை நினைத்து எதையும் சொல்லவில்லை. அவளுக்கு ‘க’ வரவில்லை. ‘க’ வரவேண்டிய இடமெல்லாம் ‘த’ வந்தது. காக்கா, தாத்தா ஆகிவிட்டது. வீட்டிலும் காக்காவைத் தாத்தா என்றே சொன்னதால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

நாங்கள் இருவரும் என் பழைய தாளை எடுத்து வரிவரியாகப் பார்த்தோம். ‘தோயி’ என்றதற்கு நான் பிழை போட்டிருந்தேன், ‘யி’க்காக. பிழை அங்கே இல்லை. யி அவள் அம்மாவுடையது, ஊருடையது. ‘தோ’தான் அவளுடைய பிழை. பதினேழில் பதின்மூன்று ஒரகடத்துப் பேச்சு. நிஜமான பிழை நான்கு. நான்கும் ஒரே எழுத்து. ஐந்தாவது, காக்கா, அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருந்தேன். ஆட்டுக்குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

‘க’ வர வைப்பது பெரிய வித்தையில்லை. வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அண்ணாந்து கொப்பளிக்க வைத்தாள் தென்றல். அந்தக் ‘கர்ர்’ வரும் இடம்தான் ‘க’ பிறக்கும் இடம். பிறகு கூ, கோ. அதன் பிறகு தினமும் பயிற்சி செய்ய ஒரு வார்த்தை வேண்டும். பெட்டியில் கங்காரு இருந்தது. தென்றல் அதை ஓரமாக வைத்துவிட்டு, திட்ட நோட்டில் பேனாவால் எழுதினாள்: ‘இலக்கு: கீது.’

“ஏட்டி, மேடம் பார்த்தா கொன்னுருவாங்க.”

“பாக்கட்டும். அது ஒரு நாளிக்கு நூறு வாட்டி சொல்ற வார்த்த. ஒரகடத்துல எங்க கீது கங்காரு?”

ஏழு வாரம். வினோதினியிடம் தென்றல் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று: பேசு. சமைக்கும்போது பேசு, துவைக்கும்போது பேசு, திட்டுவதென்றாலும் வாய்விட்டுத் திட்டு. வினோதினிக்குப் பழைய குரல் திரும்ப இரண்டு வாரம் ஆனது. அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. சோறு கீதா, தண்ணி கீதா, செருப்பு எங்க கீது என்று கேட்டுக் கேட்டு, குழந்தையும் பதில் சொல்லச் சொல்ல, ஏப்ரல் நடுவில் ‘தீது’ பாதி நேரம் ‘கீது’ ஆனது.

மேடம் கேஸ் நோட்டைக் கடைசியில்தான் பார்ப்பார். பார்த்த அன்று இருவரையும் அறைக்கு அழைத்தார்.

“இலக்கு, ‘கீது’. விளையாடுறியா தென்றல்? இந்த கிளினிக்ல ‘கீது’ சொல்லிக் குடுக்கிறாங்கன்னு வெளியே தெரிஞ்சா டிபார்ட்மென்ட்டுக்கு என்ன மரியாதை? பதினேழு பிழைன்னு இருந்ததை ஒண்ணுன்னு எழுதியிருக்க.”

“ஒண்ணுதான் மேடம் பிழை.”

“புத்தகத்துல அப்படி இல்லையே.”

“புத்தகத்துல பென்சில்ல எழுதிகீது மேடம், ‘ள’ சரின்னு. ஷீபா வாளப்பளம்னா அது சரி. நான் வாயப்பயம்னா?”

“அது வட்டார வழக்கு.”

“எது மேடம்?”

மேடம் நோட்டின் பக்கத்தைத் திருப்பினார்.

“உங்க ஊரு சொன்னா வழக்கு, எங்க ஊரு சொன்னா வியாதியா மேடம்?”

மேடம் கெட்டவர் இல்லை. அவர் பயமும் ஒரு வகையில் நிஜம்தான்: எங்கள் படிப்பை யாரும் மதிப்பதில்லை, நாங்களாவது திருத்தமாகப் பேசினால்தான் மதிப்பார்கள் என்று நம்பியவர். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். “நீ பேசுறது உணர்ச்சி. எனக்கு ஆதாரம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரம், இல்லன்னா பழைய மதிப்பெண்ணோட ரிப்போர்ட். ரெண்டும் இல்லன்னா இந்தக் கேஸ் உனக்குக் கணக்குல வராது.”

கேஸ் கணக்கில் வராவிட்டால் இறுதிக் கிளினிக் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் பயிற்சி ஆறு மாதம் தள்ளிப்போகும். பழைய மதிப்பெண்ணோடு ரிப்போர்ட் போனால், ‘கடுமை’ என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் அந்தப் பள்ளிக்கூடம் யாழினியைச் சேர்க்காது. இரண்டும் தென்றலுக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டுரோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆட்கள் கூடும் நேரம். நான் கூடப் போனேன். அவள் கூப்பிடவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

“அண்ணே, ஒரு நிமிசம். இந்தப் படத்துல இன்னா கீதுன்னு சொல்லுங்க. பேரு வாணாம், ஊரு மட்டும் போதும்.”

“வூடு. இது இன்னாம்மா, கம்பெனி டெஸ்ட்டா? ஃபெயிலானா கார்ட புடுங்கிடுவாங்களா?”

“ஃபெயிலுதான்ணே. கவலப்படாதீங்க, ஊரே ஃபெயிலு.”

சிரிப்பு பரவியது. பிறகு நாங்கள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அடையாள அட்டை தொங்கும் கழுத்துகள் எங்களைச் சுற்றி நின்றன. வூடு, பயம், கோயி, மய, வாயப்பயம். நான் தாள் தாளாக நிரப்பிக்கொண்டே இருந்தேன். தேனிக்காரர் ஒருவர் ‘பளம்’ என்றார். பென்சில் தயவில் தேறினார். கடைசியில் அய்யாத்துரை வந்தார். கேள்வி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. படத்தைக் காட்டியதும் “வூடு!” என்று கத்தினார். நிறுத்தமே திரும்பிப் பார்த்தது.

“இப்ப நீ சொல்லுடி” என்று தென்றல் என் முன்னால் படத்தை நீட்டினாள்.

“வாளப்பளம்.”

“சரி. நீ நோயாளி இல்ல.” தாளில் டிக் போட்டாள். அந்த டிக்கைப் போல எனக்கு வலித்தது வேறு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மேடத்தின் மேசையில் நாற்பத்தியொரு தாளை வைத்தாள். புத்தகப்படி போட்ட மதிப்பெண். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலம், படப்பை என்று ஊர் எழுதியிருந்த எல்லோருக்கும் நான்கரை வயதுக்குக் கீழான பேச்சு. ‘கடுமை.’ நாள் முழுக்கப் பேசி, லைனில் வேலை வாங்கி, சண்டை போட்டு, பிள்ளை வளர்க்கும் மனிதர்கள்.

மேடம் கடைசித் தாள் வரைக்கும் பார்த்தார். “பொது இடத்துல டெஸ்ட் எடுக்க யார்கிட்ட பெர்மிஷன் வாங்கின?”

“யார்கிட்டயும் வாங்கல மேடம்.”

“குழந்தையை வரச் சொல்லு.”

ரிப்போர்ட் வாங்க வந்து வெளியே காத்திருந்த வினோதினி, யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மேடத்தைப் பார்த்ததும் அவள் உதடு இறுகியது. மேடமே ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். கோழி. யாழினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். எட்டு வாரம் நான் பார்த்த அதே மௌனம்.

“அக்கா, நீ கேளு” என்றாள் தென்றல். “உன் பொண்ணுதான. நீ கேளு.”

வினோதினி தொண்டையைச் செருமினாள். பிறகு மேடத்துக்கு எதிரிலேயே, தெருவில் கூப்பிடும் குரலில் கேட்டாள். “யாயினி! படத்துல இன்னா கீது?”

“கோயி கீது.”

மேடத்தின் கை அப்படியே நின்றது. காது பழகியவர்தானே. இரண்டு ‘க’. இரண்டும் சுத்தம். அவர் அடுத்த படத்தை எடுத்தார்.

“காக்கா” என்றாள் யாழினி. கொஞ்சம் யோசித்துவிட்டு, “தாத்தா வந்துகீறாரு” என்று சேர்த்துக்கொண்டாள்.

மேடம் சிரித்துவிட்டார். வினோதினிக்குக் கண் கலங்கியது. அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மேடம் அறிக்கையை எடுத்தார். ‘ஒரு எழுத்தில் மட்டும் தாமதம், திருந்தி வருகிறது, பள்ளியில் சேரத் தடையில்லை’ என்று தென்றல் எழுதியிருந்தாள்.

“இதுல நான் கையெழுத்துப் போடுறேன். குழந்தை விஷயத்துல நீ எழுதினது சரி. ஆனா அனுமதியில்லாம நடுரோட்டுல நாப்பது பேருக்கு டெஸ்ட் எடுத்திருக்க. இதை நான் விட்டா நாளைக்கு எல்லாரும் செய்வாங்க. கேஸ் உனக்குக் கணக்குல வராது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தா யோசிக்கிறேன்.”

“கையெழுத்து போடுங்க மேடம்” என்றாள் தென்றல். “கடிதாசி எழுத மாட்டேன். செஞ்சதுக்கு வருத்தம் இருந்தாதான எழுதணும்.”

நான் அவள் கையைக் கிள்ளினேன். அவள் திரும்பவே இல்லை. மேடம் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். தென்றல் தாளை வாங்கிக்கொண்டு வெளியே போய் வினோதினி கையில் கொடுத்தாள். தன் ஆறு மாதம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் நானும் இருந்தேன். அய்யாத்துரை டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

“ஃபெயிலா?”

“ஃபெயிலுதான்ப்பா.”

“இன்னா தப்பு பண்ண?”

“சரியா மார்க் போட்டேன்” என்று அவர் காதருகே கத்தினாள்.

“அப்ப சரி” என்று அவர் டிவியைப் போட்டார்.

நாங்கள் எல்லோரும் தேர்வு எழுதிப் பயிற்சிக்குப் போனோம். அவள் ஜூனியர்களோடு உட்கார்ந்தாள். அதற்கு முந்தின நாள்வரை அவளோடு சாப்பிட்டவர்கள், அப்போதே மேடத்திடம் பணிந்து போயிருக்கலாமே என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் என் கோழைத்தனம்தான். ஜூலையில் ஒருநாள் ஒரகடம் பக்கம் போனபோது, சீருடைக் குழந்தைகள் வெளியே வரும் நேரம். கேட்டுக்கு வெளியே இருந்து ஒரு குரல், கம்பெனி பஸ் ஹாரனை எல்லாம் அமுக்கிக்கொண்டு வந்தது. “ஏய் யாயினி! டிபன் பாக்ஸ் எங்க கீது?” உள்ளேயிருந்து அதே அளவு சத்தத்தில் பதில்: “பையில கீதும்மா!” நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன்.

நவம்பரில் தென்றல் கேஸ் முடிக்க மறுபடி அதே கிளினிக்குக்குப் போனாள். நான் அப்போது அங்கே பயிற்சியில் இருந்தேன். மஞ்சுளா மேடம் படப்பெட்டியை அவரே கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். தென்றல் மதிப்பெண் புத்தகத்தைத் திறந்தாள். ‘ழ’ பக்கத்தில், ‘ள — சரி’ என்ற பழைய எழுத்துக்குக் கீழே, மேடத்தின் அழகான சாய்வெழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘ய — சரி.’

நான் அவள் தோளைத் தட்டினேன். “ஜெயிச்சிட்டட்டி!”

அவள் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். “இதுவும் பென்சில்லதான் எழுதிகீறாங்க” என்றாள். “நாளிக்கு யாராச்சும் வந்து அழிச்சுட்டா?”

பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். முதலில் என் ஊர் ‘ள’வின் மேல், பிறகு தன் ஊர் ‘ய’வின் மேல், அழுத்தி எழுதினாள்.